ஒரு வரி, ஒரு பார்வை

அன்னம் படலையைத் திறந்தாள், என்று வாசித்துவிட்டுத் தவமலர் நிமிர்ந்து ஹோட்டல் மண்டபத்தின் கண்ணாடி யன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே, புதிதாகப் பனிச்சறுக்குப் பழகுகிறவர்களுக்கான சரிவில், ஆரஞ்சு நிறத் தலைக்கவசம் இன்னும் நிமிர்ந்துதான் நின்றது. சரி, நிற்கிறார். மறுபடி குனிந்தாள். அன்னம் படலையைத் திறந்தாள். இதைத்தானே இப்போது வாசித்தேன், இதற்கு முதலும் வாசித்தேன், இந்தப் பிள்ளையும் பாவம், எத்தனை தரம்தான் ஒரே வேலிப் படலையைத் திறப்பாள், மழை வேறு கொட்டுகிறது, நனைந்துபோய் நிற்கிறாள், அவளை உள்ளே விடாமல் நான் வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று தன்னையே வைதுகொண்டாள். வைதாலும் உள்ளுக்குள் ஒரு இனிப்பு இருந்தது. கால்மாட்டில் சுவரோடு ஒட்டிய வெப்பமூட்டி மெல்லச் சூடு விட்டுக்கொண்டிருந்தது, அதன்மேல் யாரோ காயப்போட்டுவிட்டுப் போன கம்பளிக் காலுறைகளிலிருந்து ஈர நாயின் மணம் வந்தது, மேசையில் சூடான சாக்லேட்டின்மேல் ஆடை படிந்திருந்தது, அதைக் குடிக்கவேண்டிய அவசரம் இல்லை, எழும்பவேண்டிய அவசரம் இல்லை, ஒருவரும் தன்னைக் கூப்பிடப்போவதில்லை. பகல் நேரம், வேலைநாள், அவள் ஒரு கதிரையில் இருந்து கதைப்புத்தகம் வாசிக்கிறாள். சுவிஸுக்கு வந்த இத்தனை வருடத்தில் பனி என்றால் என்ன? விடிய எழும்பி ரயிலைப் பிடிக்க ஓடும்போது சப்பாத்துக்குள் புகுவது, வாசலில் வாரி ஒதுக்கவேண்டியது, வயோதிபர் இல்லத்துச் சலவை அறையின் பின்கதவை அடைத்துக்கொண்டு கிடப்பது. அதே பனியைப் பார்ப்பதற்கென்று உடுப்பு அடுக்கி வருவார்கள், அதற்கு ஹோட்டல் எடுப்பார்கள் என்பது அவளுக்குத் தெரிந்ததுதான், ஆனால் மகள் நிதுர்ஷா போவம் என்று சொல்லும்வரை அது மற்ற ஆட்களின் காரியம். பெட்டி அடுக்கும்போது கம்பளிச் சட்டைகளுக்கு நடுவில் தவமலர் புத்தகங்களைத் திணிப்பதைப் பார்த்துக் கணவர் குலநாயகம் கேட்டார், “இஞ்சேரும், நாங்கள் பனிக்குப் போறமோ, சோதினைக்குப் போறமோ?” அவள் இன்னொன்றையும் திணித்தாள். அவர் சறுக்கட்டும், நான் வாசிக்கிறன், என்று அப்போது நினைத்தது சுகமாக இருந்தது. அவர் மெய்யாகவே சரிவில் இறங்கிச் சறுக்குவார் என்று யார் கண்டது. இருதயத்தில் அடைப்பெடுத்துச் சின்னக் குழாய் வைத்த மனிசன், ஓய்வூதிய வயதை எட்டிப் பிடிக்கிற மனிசன், கடையில் வாடகைக்கு எடுத்த சறுக்குக் கட்டைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்த நடை. ஆரஞ்சு நிறத்தைத் தேடினாள். அங்கே, ஆட்களைச் சரிவின் மேலே கொண்டுபோகிற ஓடும் பட்டையில் ஏறி, பொதி மாதிரி ஆடாமல் அசையாமல், மேலே வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நீலச் சட்டையில் நிதுர்ஷா. அப்பாடா. அன்னம் படலையைத் திறந்தாள்.

வாசிப்பு என்றால் அவளுக்கு ஒருகாலத்தில் களவு. தமிழ்ப் பாடநூலுக்குள் கதைப்புத்தகத்தை வைத்து வாசித்து வாத்தியாரிடம் பிடிபட்டவள். பிறகு நாடு விட்டு, மொழி விட்டு, வந்து சேர்ந்த இடத்தில் வாசிப்பு என்றால் நித்திரை. சலவை அறையில் விரிப்புகளைச் சூடான உருளைக்குள் கொடுத்து, மறுபக்கம் எடுத்து, மடித்து, அடுக்கி, மறுபடி கொடுத்து, வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளையைப் படுக்கப்போட்டுவிட்டு ஆசையோடு ஒரு புத்தகத்தை விரித்தால் பக்கம் முடியமுதல் அது முகத்தில் விழும். குலநாயகம்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைப்பார், பக்கத்தில் ஒரு கடதாசித் துண்டை வைத்து மூடுவார். கதை வாசிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, அதனால் எந்த இடம் என்று தெரியாமல் எப்போதும் கொஞ்சம் முந்தின பக்கத்திலேயே வைத்துவிடுவார். அடுத்த நாள் அவள் வாசித்ததையே வாசிப்பாள், வாசித்த ஞாபகம் வருவதற்குள் மறுபடி நித்திரை. அப்படி ஒரு நாவலின் கலியாணவீட்டை அவள் ஒரு மாரிகாலம் முழுக்கத் தாண்டவில்லை. பந்தலைப் போட்டபடி, வாழை கட்டியபடி, தாலி மட்டும் ஏறவில்லை. அதை நினைக்க இப்போது சிரிப்பு வந்தது, வாய்விட்டே சிரித்துவிட்டாள், அடுத்த மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். காலில் முழங்கால்வரை கட்டுப் போட்டு இன்னொரு கதிரையில் நீட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணும் வந்த நாளிலிருந்து வாசித்துக்கொண்டுதான் இருக்கிறாள். திருமதி சூட்டர் என்று பரிமாறுகிற பெண் கூப்பிடுவது கேட்டிருக்கிறது. தவமலரின் வயதுதான் இருக்கும். இருவரும் காலையில் தலையசைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். முன்தினம் முழுக்க இந்தப் புத்தகத்தை நடுவில் தடைப்படாமல் வாசித்தாள் தவமலர். அக்காவும் தங்கச்சியும், தாய் வளர்த்த மாடு யாருக்கு என்று தொடங்கின சண்டை, பேச்சில்லாமல் போன வருடங்கள், மாடும் செத்துப்போய், சண்டை மட்டும் உயிரோடு இருக்கிறது. இன்றைக்குத்தான் தங்கச்சி அன்னம், தாங்கமாட்டாமல், மழையில் நனைந்துகொண்டு அக்கா வீட்டுக்கு வந்திருக்கிறாள். இந்த இடத்துக்காகத்தான் பக்கம் பக்கமாகக் காத்திருந்தது. இன்றைக்குத்தானா இந்த மனிசன் சரிவுக்கு இறங்கவேண்டும். முந்தின நாட்களில் அவர் சமதரையில் மட்டும்தான் நின்றார், கட்டைகளை மாட்டிக் கழற்றவே அவருக்குப் பொழுது போய்விட்டது, அது பார்க்க நல்லாயிருந்தது, பயமில்லாமல் இருந்தது. டாக்டரிடம் அவள் கேட்டவள்தான். ஒருதரம் அல்ல. அவர் சிரித்துக்கொண்டே, “ஏன் கூடாது? மெதுவாகத்தானே போகப்போகிறார், விழுந்தால் பனியில்தானே விழப்போகிறார்” என்றார். விழுந்தால் என்று அவர் சொன்ன அந்தச் சொல் மட்டும் அவளோடு ரயிலேறி வந்துவிட்டது.

ஏனென்றால் அவர் விழுந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ரயில் மேடையில். ஒரு கலியாணவீட்டுக்குப் போக நின்றார்கள், அவள் கையில் பரிசுப்பொதி, அவர் வேட்டி சுற்றின பையை மாற்றிப் பிடித்தார், பிடித்தவர் என்னவோ கேட்கப்போகிறவர் மாதிரி அவளைப் பார்த்தார், கேட்கவில்லை, அப்படியே சரிந்தார். அவள் கத்தினாள். தமிழில் கத்தினாள், அந்த நாட்டு மொழி ஒரு சொல்லும் வரவில்லை, உதவி என்ற சொல்கூட வரவில்லை, ஐயோ ஆராவது வாங்கோ ஆராவது வாங்கோ என்று, வாருங்கள் என்றால் என்னவென்று தெரியாத சனத்தைப் பார்த்து. ஆனால் ஒருத்தி வந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று தெரியாது. நீட்டு மேலங்கி, கழுத்தில் சால்வை, முகம் ஞாபகம் இல்லை, முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கைகளைத்தான் பார்த்தாள். அந்தப் பெண் முழந்தாளில் இருந்து, தன் மோதிரங்களைக் கழற்றி, வைத்திருங்கள் என்பதுபோலத் தவமலரின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, குலநாயகத்தின் நெஞ்சில் கை மேல் கை வைத்து அழுத்தத் தொடங்கினாள். வாய்க்குள் எண்ணிக்கொண்டே அழுத்தினாள். நிறுத்தவே இல்லை. வியர்த்தது, சால்வை நழுவி விழுந்தது, நிறுத்தவில்லை. அவசர ஊர்தி வந்து ஆட்கள் அவளை விலக்கிய பிறகுதான் நிறுத்தினாள். எழும்பி, சால்வையை எடுத்து, தவமலரிடம் கையை நீட்டினாள். தவமலர் பொத்தியிருந்த விரல்களைத் திறந்தாள். மோதிரங்களை எடுத்துக்கொண்டு, “மன்னியுங்கள், என்னுடைய ரயில்” என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் படிக்கட்டுப் பக்கம் ஓடிவிட்டாள். அவ்வளவுதான். பேர் கேட்கவில்லை. நன்றி சொல்லவில்லை. ஒரு மனிசனின் உயிரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ரயில் பிடிக்க ஓடினவளை எங்கே போய்த் தேடுவது? நிதுர்ஷா ரயில் நிலையத்தில் விசாரித்தாள், உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் போட்டும் பார்த்தாள், யாரும் வரவில்லை. கோயிலுக்கு நேர்த்தி வைத்தால் கொடுத்துத் தீர்க்கலாம், ஆளுக்குப் பட்ட நன்றியை ஆளைக் காணாமல் எப்படித் தீர்ப்பது. ஆகவே அது தீராமல் அவளுக்குள் கிடந்தது, கிடந்து, போகப்போக ஒரு பழக்கமாகிவிட்டது. பஸ்ஸில் எதிரே இருக்கிற பெண்ணின் கையைப் பார்ப்பாள். இவளாக இருக்குமோ. கடையில் காசு வாங்குகிறவளின் கை, இவளோ. இவளில்லை என்று சொல்ல என்ன ஆதாரம்? அதனால் எல்லோரிடமும் கொஞ்சம் கூடுதலாகத்தான் சிரிப்பாள், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், வழி விடுவாள். முந்தி இந்த ஊர்ச் சனம் அவளுக்குச் சனமாகத்தான் இருந்தது, குளிரான முகங்கள், வேகமான நடை. இப்போது ஒவ்வொரு மேலங்கிக்குள்ளும் அந்தப் பெண் இருக்கலாம். விசர், பைத்தியம் என்று மகள் சொல்வாள். இருக்கட்டும். நல்ல விசர்தானே.

நிமிர்ந்தபோது சரிவு இல்லை. முதலில் கண்ணாடியில்தான் ஏதோ படிந்துவிட்டது என்று நினைத்து விரலால் துடைத்தாள், உள்பக்கம் துடைத்து என்ன பயன். வெளியே வெள்ளை. மலை இல்லை, பைன் மரங்கள் இல்லை, ஓடும் பட்டை இல்லை, ஆரஞ்சு இல்லை. முகில் இறங்கி எல்லாவற்றையும் பால் ஊற்றின மாதிரி மூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் விலகும், இப்படித்தான் முந்தநாளும் வந்து விலகியது. புத்தகத்தைப் பார்த்தாள். அன்னம் படலையைத் திறந்தாள். திறக்கட்டும். வெளியே பார்த்தாள். வெள்ளை. மலையேற்றும் லிஃப்ட் நின்றுவிட்டது என்று யாரோ சொல்லிக்கொண்டு உள்ளே வந்தார்கள், காலணிகள் தரையில் தடதடக்க, சிவப்பு மூக்குகளோடு, சிரித்துக்கொண்டு, ஒவ்வொருமுறை கதவு திறக்கும்போதும் ஒரு கொத்துக் குளிர் உள்ளே வந்தது, ஒவ்வொருமுறையும் அவள் எழும்பப் பார்த்தாள், ஒவ்வொருமுறையும் வேறு ஆள். நிதுர்ஷாவின் தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது. கையுறை போட்டிருப்பாள், எடுக்கமாட்டாள். அல்லது எடுக்கிற நிலையில் இல்லை. வாயை மூடு. நல்லதை நினை. பனிக்குள் ஒரு ஆள் விழுந்தால் சத்தம் கேட்குமா, அங்கே யார் பார்ப்பார்கள், அங்கே மேடை இல்லையே, சனம் இல்லையே, ரயிலுக்குப் போகிற ஒரு பெண் இல்லையே. ஒருதரம் கிடைத்தது. இரண்டாம் தரம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? கிடைத்ததை வைத்துக்கொண்டு வீட்டில் சும்மா இருந்திருக்கலாம், கஞ்சி குடித்துக்கொண்டு, டிவி பார்த்துக்கொண்டு, இந்தப் பொல்லாத மலைக்கு வந்து, நான் வாசிக்கவேண்டும் என்ற ஆசையில்தானே ஓம் போவம் என்றேன், என்னுடைய ஆசைக்குத்தானே. எழும்பிக் கதவடிக்குப் போனாள். வீட்டுச் செருப்போடு வாசற்படியில் நின்று, கையைக் கண்ணுக்கு மேலே பிடித்து, வெள்ளைக்குள் பார்த்தாள். குரல்கள் கேட்டன, எந்தப் பக்கமிருந்து என்று தெரியவில்லை. காலடியில் பனி நறுநறுத்தது. திரும்பி வந்து இருந்தாள். புத்தகம் மடியில் இருந்தது, கை அதைத் தலைகீழாகப் பிடித்திருந்தது.

“யாரைத் தேடுகிறீர்கள்?” என்று கேட்டாள் திருமதி சூட்டர். தங்கள் உள்ளூர்ப் பேச்சை விட்டுவிட்டு, தவமலருக்கு விளங்கவேண்டும் என்று பாடசாலை ஜெர்மனில் நிதானமாகக் கேட்டாள். “என் கணவர். மகளும் கூட. அவர் இன்றைக்குத்தான் முதல்தரம் சரிவில்…” தவமலர் வெளியே வெள்ளையைக் கையால் காட்டினாள். “இந்த முகில் வந்தால் லிஃப்டை நிறுத்திவிட்டு எல்லோரையும் கீழே குடிசையில் இருத்தி வைப்பார்கள். நான் இங்கே வருடாவருடம் வருகிறேன். போன வாரம் இந்தக் காலை உடைத்துக்கொண்டதுகூட நல்ல வெயில் நாளில்தான்.” தவமலர் தலையாட்டினாள். தலையாட்டினாலும் கண் கண்ணாடியில்தான் இருந்தது. பிறகு, எந்த யோசனையும் இல்லாமல், இந்த நாட்டுக்காரர் ஒருவரிடமும் வேலையிடத்தில்கூடச் சொல்லாததை, அந்தக் கட்டுப்போட்ட காலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “என் கணவரின் இதயம் ஒருமுறை நின்றுவிட்டது. ரயில் மேடையில். ஒரு பெண் வந்து அழுத்தினாள்.” திருமதி சூட்டர் ஓ கடவுளே என்று சொல்லவில்லை. எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்லவில்லை. தன் புத்தகத்தை மூடி மேசையில் வைத்தாள். இரண்டு கையாலும் தன் காலைத் தூக்கிக் கீழே வைத்து, கதிரையைக் கிரீச் கிரீச்சென்று அரைவட்டம் திருப்பி, கண்ணாடியை நேரே பார்க்கிற மாதிரி இருந்துகொண்டாள். “அவர் என்ன நிறம் போட்டிருக்கிறார்?” “ஆரஞ்சு. தலைக்கவசம் ஆரஞ்சு.” “நல்லது. நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் வாசியுங்கள்.” தவமலருக்கு முதலில் விளங்கவில்லை. “நானே பார்…” “நீங்கள் காலையிலிருந்து அந்த ஒரே பக்கத்தில் இருக்கிறீர்கள். எனக்கு அந்த எழுத்து ஒன்றும் புரியாது, ஆனால் பக்கம் திருப்பவில்லை என்று தெரியும். வாசியுங்கள். ஆரஞ்சு தெரிந்தால் நான் சத்தம் போடுவேன், என் சத்தம் பெரியது.”

அப்படி ஒருத்தி சொன்னால் என்ன செய்வது? மறுக்க வெட்கமாக இருந்தது. வாசிக்கவும் வெட்கமாக இருந்தது, புருஷன் முகிலுக்குள் நிற்கிறான், பெண்சாதி கதை வாசிக்கிறாளாம், ஊரில் கேட்டால் என்ன சொல்வார்கள், ஊர் எங்கே இருக்கிறது இப்போது, ஊரிலும் அந்த ஆட்கள் இல்லை. புத்தகத்தை நேராகப் பிடித்தாள். எழுத்துகள் முதலில் எறும்பு மாதிரி ஓடின. ஓரக்கண்ணால் பார்த்தாள், திருமதி சூட்டர் முன்னுக்குச் சாய்ந்து, கண்ணைச் சுருக்கி, கப்பலைத் தேடுகிற மாலுமி மாதிரி வெள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கண் சிமிட்டக்கூட அவளுக்கு மனமில்லை. அவளுடைய கை கதிரைப் பிடியில் இருந்தது. பெரிய கை, கணுக்கள் வீங்கி, மோதிரம் ஒன்று சதைக்குள் புதைந்து. கழற்றியிருக்க முடியாது, அப்போ இவளில்லை என்று மனம் தன் பழக்கத்தில் கணக்குப் பார்த்தது, உடனேயே, இவளில்லாவிட்டால் என்ன, என்று இன்னொரு குரல் கேட்டது. பார்வையை ஒருத்தி வாங்கிக்கொண்டாள். பார்வை என்பது இவ்வளவு பாரமா, இத்தனை நாளாக இதை நான் மட்டுமா சுமந்தேன், அவர் நித்திரையில் மூச்சு விடுகிறாரா, படியேறும்போது நிற்கிறாரா, குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்று எவ்வளவு நேரம், என்று. அன்னம் படலையைத் திறந்தாள். முற்றத்தில் யாரும் இல்லை. மழைத்தண்ணீர் கூரையிலிருந்து ஒழுகி வாளியில் விழுந்துகொண்டிருந்தது. அக்கா கதவடிக்கு வந்தாள். வந்தவள் தங்கச்சியைப் பார்த்தாள், அவள் நனைந்த தலையைப் பார்த்தாள், சேற்றுக் காலைப் பார்த்தாள். இத்தனை வருடச் சண்டைக்கு என்ன கேட்கப்போகிறாள் என்று தவமலர் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். “காலைக் கழுவிப்போட்டு வா” என்றாள் அக்கா. உள்ளே போய்விட்டாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த அத்தியாயத்தில் ஒன்றும் இல்லை. தவமலருக்குக் கண் கலங்கிக்கொண்டு வந்தது. எவ்வளவு சின்னச் சொல். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. இதை எழுதின ஆள் ஆரோ, எங்கே இருந்து எழுதினாரோ, தன் வீட்டு மேசையில் இருந்து இதை எழுதும்போது, சுவிஸ் மலையில் முகிலுக்குள் ஒருத்தி புருஷனைத் தொலைத்துவிட்டு இதை வாசிப்பாள் என்று கனவிலாவது நினைத்திருப்பாரா. அவருக்கும் நன்றி சொல்ல விலாசம் இல்லை. எல்லாம் இப்படித்தான் வருகிறது, கொடுக்கிறவர்கள் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடிவிடுகிறார்கள். பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த அத்தியாயம் தொடங்கியது, வேறு நாள், வெயில், அக்காவும் தங்கச்சியும் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள், பழைய கதை பேசவில்லை, புளியில் கொட்டை அதிகம் என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். வாசித்தாள். புளியின் மணம் அந்த ஈரக் காலுறை மணத்தை வென்று எழும்பியது. இன்னொரு பக்கம். வெளியே முகில் என்ன செய்தது என்று அவளுக்குத் தெரியாது.

“ஆரஞ்சு!” என்று கத்தினாள் திருமதி சூட்டர். மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “ஆரஞ்சு வருகிறது! நடந்து வருகிறது!” தவமலர் எழும்பியபோது கதவு திறந்து குலநாயகம் உள்ளே வந்தார். முகம் சிவந்து, மீசையில் பனி ஒட்டி, ஒரு பக்கம் முழுக்க வெள்ளை பூசி, மூச்சு வாங்கிக்கொண்டு, கலியாண மாப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு. மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு அவர் திகைத்து நின்றார்.

“என்னப்பா, ஏன் எல்லாரும் பாக்கினம்?”

“உங்களைத்தான்,” என்றாள் தவமலர். அவர் தோளில் ஒட்டின பனியைத் தட்டிவிட்டாள். “விழுந்தனீங்களோ?”

“விழுந்தனான். மூண்டுதரம். ஆரும் தூக்கேல்லை, நானே எழும்பினனான். கேளும் பிள்ளையிட்டை.”

பின்னால் வந்த நிதுர்ஷா தலைக்கவசத்தைக் கழற்றினாள். “அம்மா, அப்பா எழும்பி அங்க நிண்ட எல்லாருக்கும் கும்பிடு போட்டவர். முகில் வந்த உடனே எங்களைக் குடிசைக்குள்ள இருத்தி வைச்சிட்டினம், தேத்தண்ணியும் தந்தவை. போனை என்ர பைக்குள்ள போட்டிட்டன், அடிச்சது கேக்கேல்லை, சொரி. பயந்திட்டீங்களோ?”

“இல்லை. வாசிச்சுக்கொண்டு இருந்தனான்,” என்று தவமலர் சொன்னாள், அது பொய்யில்லை என்று சொல்லும்போதே தெரிந்தது. திருமதி சூட்டரிடம் திரும்பினாள். நன்றி என்றாள். அந்த நாட்டு மொழியில் அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாள், சில்லறை வாங்கும்போது, கதவு திறக்கும்போது. இன்றைக்கு அது வாயிலிருந்து வெளியே வர நேரம் எடுத்தது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தாள், இரண்டு கையாலும் பிடித்தாள், பிடித்துக்கொண்டே இன்னொருதரம் சொன்னாள். ஒருவருக்குச் சொல்லவேண்டியதோடு இன்னும் யார் யாருக்கோ சொல்லவேண்டியதும் சேர்ந்து போனதோ என்னவோ, திருமதி சூட்டர் கையை இழுக்கவில்லை. “நான் ஒன்றும் செய்யவில்லையே, சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்” என்றாள். பிறகு, புத்தகத்தைக் கண்ணால் காட்டி, “கதவு திறந்தார்களா?” என்று கேட்டாள். அதில் ஒரு கதவு இருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரிந்தது? எல்லாக் கதையிலும் ஒரு கதவு இருக்கும்போல. தவமலர் சிரித்துக்கொண்டு தலையாட்டினாள்.

குலநாயகம் கதிரையில் விழாத குறையாக இருந்து, காலணியின் கொளுவிகளோடு போராடத் தொடங்கினார். தவமலர் கீழே குந்தியிருந்து அவற்றைக் கழற்றிவிட்டாள். கால் சூடாக, ஈரமாக, உயிரோடு இருந்தது. ஆடை படிந்த சாக்லேட்டை அவர் கேளாமல் எடுத்து ஒரே மூச்சில் குடித்தார். அவள் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருப்பதைக் கண்டிருக்கவேண்டும், மெல்லக் குரலைத் தணித்தார்.

“இஞ்சேரும். நாளைக்கு நான் போகேல்லை. உம்மோட இஞ்ச இருக்கிறன். நீர் வாசியும், நான் சும்மா இருந்து பாக்கிறன்.”

அவர் மெய்யாகத்தான் சொன்னார். இருப்பார். நாள் முழுக்க இந்த வெப்பமூட்டிப் பக்கத்தில் இருந்து, கொட்டாவி விட்டு, கண்ணாடிக்கு வெளியே சறுக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டு, ஒரு சொல் குறைப்படாமல் இருப்பார். அவளுக்குப் பயம் இருக்காது. மூன்றுதரம் விழுந்து தானே எழும்பின அந்தச் சிரிப்பும் இருக்காது. வீட்டில் கஞ்சி குடிக்கிற மனிசனைத்தான் பக்கத்தில் வைத்திருக்கலாம். அதற்கா ரயில் மேடையில் அந்தப் பெண் வியர்க்க வியர்க்க அழுத்தினாள்?

“இல்லை, போங்கோ,” என்றாள்.

“உமக்குப் பயமில்லையோ?”

“பயம் இருக்கத்தான் இருக்கு. அது என்னோட இருக்கட்டும். நீங்கள் போட்டு வாங்கோ.”

குலநாயகம் வெறுங்காலோடு எழும்பி, கையுறைகள் நாளைக்குள் காயுமா என்று மகளிடம் கேட்கப் போனார்.